இலை செழித்த பந்தலில் காய் இல்லை: பேஷன் ஃப்ரூட் கொடியில் கவாத்தும் உரமும்

நிலைமை

மூன்றாம் ஆண்டில் நிற்கும் ஊதா ரக பேஷன் ஃப்ரூட் கொடிகள். 2 மீட்டர் உயரத்தில் கம்பிப் பந்தல், கொடிக்குக் கொடி 3 மீட்டர் இடைவெளி. இரண்டாம் ஆண்டில் நன்றாகக் காய்த்தவை. இப்போது பந்தலுக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் வானம் தெரியாத அளவுக்கு இலை. காயோ பந்தலின் ஓரத்திலும் மேற்பரப்பிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கிறது. உள்ளே கையை விட்டால் காய்ந்த குச்சிகளும் பழைய பற்றுக்கம்பிகளும் பின்னிக் கிடக்கின்றன. கிடைக்கும் பழமும் சிறுத்து, தோல் தடித்து, உள்ளே சாறு குறைந்து இருக்கிறது.

உரம் போடாமல் விட்டதால் வந்த நிலை அல்ல இது. மாதம் தவறாமல் தண்டுக்குப் பக்கத்திலேயே யூரியா போடப்பட்டிருக்கிறது. சாம்பல்சத்து (பொட்டாசியம்) கொடுக்கப்படவே இல்லை. கவாத்துக்காக, அதாவது பழைய கிளைகளை வெட்டிவிட, கத்தரி ஒருமுறைகூடப் படவில்லை. காய்க்கிற கொடியை வெட்டுவதா என்ற தயக்கம்.

தனி ஒரு தோட்டத்துக்கு மட்டும் வரும் சிக்கல் அல்ல இது. நட்ட இரண்டு மூன்று ஆண்டுகளில் பேஷன் ஃப்ரூட் வளர்ப்பவர்களில் பலர் வந்து நிற்கும் இடம் இதுதான். அந்தப் பொதுவான நிலையை ஒரு நிகழ்வாக எடுத்துக்கொண்டு, காரணத்தையும் அதைச் சரிசெய்யும் வழியையும் வரிசையாகப் பார்க்கலாம்.

பூ எங்கே வருகிறது?

வளர்ந்துகொண்டிருக்கும் இளங்கொடி ஒன்றின் நுனியைக் கையில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு கணுவிலும் ஓர் இலை, அதன் கக்கத்தில் ஒரு பற்றுக்கம்பி, அதையொட்டி ஒற்றைப் பூமொட்டு, பிற்பாடு கிளையாகப் போகக்கூடிய ஓர் இளமொட்டு ஆகியவை இருக்கும். இப்போது அதே கொடியைப் பின்னோக்கித் தடவிக்கொண்டே பழைய, மரத்துப்போன பகுதிக்கு வாருங்கள். அங்கே கணு இருக்கும், பூ இருக்காது. ஒரு கணு பூக்க வேண்டியது ஒரே ஒரு முறைதான். அதன் வேலை முடிந்த பிறகு அங்கிருந்து பூ வேண்டுமானால், அந்த இளமொட்டு வெடித்துப் புதுக்கிளையாக நீள வேண்டும்.

பேஷன் ஃப்ரூட் சாகுபடியில் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்த ஒரு விஷயம். இந்தப் பருவத்தில் எத்தனை புதுக்கணுக்கள் வெயில் படும் இடத்தில் உருவாகின்றனவோ, அத்தனை பூவுக்குத்தான் வாய்ப்பு. கத்தரி போடாத கொடியில் புதுத்தளிர் வராமல் இல்லை. அது பழைய கொடியின் நுனியில், அடிமரத்திலிருந்து பல மீட்டர் தள்ளி, பந்தலின் உச்சியிலும் ஓரத்திலும் மட்டும் வருகிறது. அதனால்தான் காய் ஓரத்தில் மட்டும் இருக்கிறது. நடுவில் உள்ள பழைய கொடி தண்ணீரையும் சத்தையும் தொலைதூரத்துக்குக் கடத்திக்கொண்டு, தன் பங்குக்கு நிழலையும் போடுகிறது. மொட்டு உருவாக வெயில் வேண்டும். நிழலில் வளரும் தளிர் மெலிந்து நீளும், மொட்டு சிறிதாக இருக்கும்போதே உதிரும்.

கத்தரியை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

எல்லாக் குறைவான விளைச்சலும் கவாத்தால் தீராது. நுனித்தளிரில் மொட்டே இல்லையா, மொட்டு வந்து உதிர்கிறதா, பூ விரிந்தும் பிஞ்சு நிற்கவில்லையா, பிஞ்சு நின்றும் காய் சிறுக்கிறதா என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த நான்கும் நான்கு வேறு காரணங்களைச் சொல்கின்றன.

மொட்டே இல்லை என்றால் நிழல், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதி, பருவநிலை ஆகிய மூன்றில் ஒன்று. கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, இலை பெரிதாகக் கரும்பச்சையாக இருந்தால் தழைச்சத்தைச் சந்தேகிக்கலாம். ஊதா ரகம் குளிர்ச்சியான சூழலுக்கு உரியது. பகல் வெப்பம் தொடர்ந்து 30 டிகிரி செல்சியஸைத் தாண்டி, இரவும் வெம்மையாக இருந்தால் மொட்டு குறையும். அதற்கு எந்த உரமும் மருந்தாகாது. மஞ்சள் ரகம் வெப்பத்தைத் தாங்கும், ஆனால் பகல் நீளம் குறையும் மாதங்களில் பூப்பதை நிறுத்திவிடும்.

மொட்டு மஞ்சளாகி உதிர்வதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். மண் ஒருமுறை நன்றாகக் காய்ந்து, பிறகு ஒரேயடியாக நனைந்தால் மொட்டும் பிஞ்சும் சேர்ந்தே விழும்.

பூ விரிந்தும் பிஞ்சு பிடிக்கவில்லை என்றால் மகரந்தச் சேர்க்கையில் குறை. ஊதா ரகப் பூ விடியற்காலையில் விரிந்து நண்பகலை ஒட்டி மூடும். மஞ்சள் ரகப் பூ நண்பகலில் விரிந்து இரவில் மூடும். விரியும்போது மூன்று சூல்தண்டுகளும் மேல்நோக்கி நிற்கின்றன. பிறகு மெல்ல வளைந்து, மகரந்தப் பைகள் இருக்கும் மட்டத்துக்குச் சூல்முடியை, அதாவது மகரந்தத்தை ஏற்கும் தம் நுனியை, கொண்டுவருகின்றன. கடைசி வரை வளையாமல் நிமிர்ந்தே நிற்கும் பூக்கள் சில உண்டு, அவை காயாகாது. இந்தப் பூவுக்குப் பொருத்தமான விருந்தாளி கருத்துப் பெருத்த தச்சுத் தேனீ. பூவின் நடுவில் தேன் குடிக்கும்போது அதன் முதுகு மகரந்தப் பையிலும் சூல்முடியிலும் உரசும். சாதாரணத் தேனீ உடல் சிறியது. மகரந்தத்தைச் சேகரித்துக்கொண்டு சூல்முடியைத் தொடாமலே போய்விடுவது அதிகம்.

ஊதா ரகம் பொதுவாகத் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். மஞ்சள் ரகத்துக்கு அது ஆகாது. வேறு மரபுடைய இன்னொரு கொடியின் மகரந்தம் வேண்டும். ஒரே தாய்க்கொடியிலிருந்து எடுத்த தண்டுகளை நட்டு நான்கு கொடியாக்கினாலும் அவை ஒன்றுக்கொன்று உதவாது. மஞ்சள் ரகத்தில் பூவாகப் பூத்துக் கொட்டுகிறது என்றால் உரத்தைத் தொடும் முன் இதைச் சரிபார்க்க வேண்டும். விதையிலிருந்து வந்த வேறொரு கொடியை அருகில் நட்டாலே தீர்ந்துவிடும் சிக்கல் அது.

பிஞ்சு நின்று காய் சிறுத்தால் சாம்பல்சத்துக் குறை, தண்ணீர்க் குறை, அல்லது அரைகுறை மகரந்தச் சேர்க்கை. ஒவ்வொரு விதையையும் சுற்றித்தான் சாறுப்பை உருவாகிறது. விதை குறைந்தால் சாறும் குறையும். காய் சிறுத்ததோடு தோல் மரக்கட்டை போல் இறுகி, இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாக இருந்தால் அது நச்சுயிரி (வைரஸ்) நோய். அந்தக் கொடிக்கு மருந்து இல்லை, வேரோடு அகற்றுவதே வழி.

நாம் எடுத்துக்கொண்ட கொடிகளில் நுனித்தளிரில் மொட்டு இருந்தது, உட்பகுதியில் இல்லை. கணு இடைவெளி நீண்டிருந்தது. அடியிலைகளின் விளிம்பு மஞ்சளாகிக் கருகியிருந்தது. அது சாம்பல்சத்துக் குறையின் தெளிவான அடையாளம். இலையில் திட்டு இல்லை. ஆக, நோய் இல்லை. நிழலும், ஒருபக்கமாகச் சாய்ந்த உரமும்தான் காரணம்.

கவாத்து

காலம் முதலில். பெரிய அறுவடை முடிந்து, கொடி மறுபடி துளிர்க்கப்போகும் நேரமே சரி. குளிர் கடுமையாக இருக்கும் பகுதியில் உறைபனி அபாயம் நீங்கிய பிறகுதான் வெட்ட வேண்டும். முன்கூட்டி வெட்டினால் வரும் தளிர் கருகிவிடும். அடைமழையில் வெட்டக் கூடாது, வெட்டுவாய் வழியே பூசணம் ஏறும். மண் காய்ந்து கொடி வாடியிருக்கும்போதும் வெட்டக் கூடாது. கவாத்துக்கு நான்கைந்து நாள் முன்பே நன்றாகத் தண்ணீர் கட்டி, வேரை உயிர்ப்போடு வைத்துக்கொள்ள வேண்டும்.

கருவி கூர்மையான கவாத்துக் கத்தரி ஒன்று போதும். ஒரு பங்கு வீட்டு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஒரு வாளியில் வைத்து, கொடிக்குக் கொடி கத்தரியை முக்கி எடுக்க வேண்டும். மேலே சொன்ன நச்சுயிரி அசுவினிப் பூச்சி மூலம் மட்டுமல்ல, கத்தரியில் ஒட்டும் சாறு மூலமும் பரவும். நன்றாக இருக்கும் கொடிகளை முதலில், சந்தேகமானதைக் கடைசியில் வெட்டுவது நல்லது. வேலை முடிந்ததும் கத்தரியைக் கழுவித் துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் துருப்பிடித்துவிடும்.

இனி வெட்டு. அடித்தண்டிலிருந்து மேலே போய், கம்பியில் இரு பக்கமும் ஓடும் முக்கியக் கிளைகள் எவை என்று கண்டுபிடித்து, அவற்றில் ஆங்காங்கே துணிநாடா கட்டி அடையாளம் வைக்க வேண்டும். பின்னிக் கிடக்கும் கொடியில் இதைச் செய்யாமல் கத்தரியை நீட்டினால், தேவையில்லாத கிளை என்று நினைத்து முக்கியக் கிளையையே அறுத்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அரை மணி நேரம் இதற்கே போனாலும் பரவாயில்லை.

அடுத்து காய்ந்தவை, நோய்ப்பட்டவை, தண்டின் அடியிலிருந்து கம்பி வரை வரும் பக்கத் துளிர்கள் ஆகியவற்றை நீக்க வேண்டும். ஒட்டுச்செடியானால் ஒட்டுக்குக் கீழிருந்து வரும் துளிரைக் கண்டதும் எடுத்துவிட வேண்டும். விட்டால் வேர்ச்செடியின் கொடி மேலே ஏறி, ஒட்டிய ரகத்தை அமுக்கிவிடும்.

பிறகுதான் காய்த்து முடித்த பக்கக்கொடிகள். ஒவ்வொன்றையும் முக்கியக் கிளையிலிருந்து 4 அல்லது 5 கணு விட்டு, கணுவுக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். நெருக்கமாக இருந்தால் 20 முதல் 25 செ.மீ.க்கு ஒன்று என்ற கணக்கில் மட்டும் விட்டு, மற்றதை அடியோடு எடுக்கலாம். விடப்படும் அந்த 4, 5 கணுவில் இலையோ பச்சை மொட்டோ இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். இலையே இல்லாத தடித்த பழைய மரத்தில் வெட்டினால் அந்த இடம் பெரும்பாலும் துளிர்க்காது, பின்னோக்கிக் காய்ந்துகொண்டே வரும்.

மொத்த இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு. திராட்சையைக் கவாத்து செய்து பழகியவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். திராட்சை இலையே இல்லாமல் மொட்டையாக நின்று துளிர்க்கும் கொடி. பேஷன் ஃப்ரூட் என்றும் பசுமையான கொடி, மொட்டையடித்தால் வேர் பட்டினி கிடந்து அழுகி, கொடியே செத்துப்போகலாம். நாம் பார்த்த பந்தல்போல மூன்று ஆண்டு அடர்ந்து கிடப்பதை ஒரே வீச்சில் ஒழுங்குபடுத்த முடியாது. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பக்கக்கொடிகளை இப்போது வெட்டி, அவற்றிலிருந்து புதுத்தளிர் நீண்டு இலை முதிர்ந்தபின், அதாவது ஆறு முதல் எட்டு வாரம் கழித்து, மிச்சத்தை வெட்ட வேண்டும். இதனால் அறுவடையும் ஒரே சமயத்தில் குவியாமல் இரண்டாகப் பிரிந்து வரும்.

வெட்டிய கொடியை அப்போதே பிடித்து இழுக்கக் கூடாது. பற்றுக்கம்பிகள் அண்டைக் கொடியை இறுகப் பிடித்திருக்கும். இழுத்தால் நல்ல கிளையும் சேர்ந்து கிழிந்து வரும். வெட்டிய இடத்திலேயே ஒரு வாரம் விட்டால் இலை சுருங்கி, பற்றுக்கம்பி பிடி தளர்ந்து, உலுக்கினாலே விழும். அந்த இலைகளை ஆட்டுக்கும் மாட்டுக்கும் வாரிப் போட வேண்டாம். பேஷன் ஃப்ரூட் இலையிலும் பச்சைக்காயிலும் சயனைடை வெளிவிடக்கூடிய சேர்மங்கள் உள்ளன.

கம்பி வேலி முறையில், அதாவது கிளைகள் கம்பியில் ஓடி, பக்கக்கொடிகள் திரைபோல் கீழே தொங்கும் அமைப்பில், தொங்கும் நுனிகளைத் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட வேண்டும். தரையைத் தொட்டால் மண்ணிலிருந்து பூசணம் நேரே இலைக்கு ஏறும். பந்தலைவிட இந்த அமைப்பில் வெயில் இரு பக்கமும் படும், கவாத்தும் எளிது. புதிதாகக் கொடி வைப்பவர்கள் இதையே தேர்ந்தெடுக்கலாம்.

உரம்: எவ்வளவு, எப்போது, எங்கே

முழு வளர்ச்சி அடைந்த ஒரு கொடிக்கு ஆண்டுக்கு 110 கிராம் தழைச்சத்து, 60 கிராம் மணிச்சத்து (பாஸ்பரஸ்), 110 கிராம் சாம்பல்சத்து என்பது பயன்படுத்தத் தகுந்த அடிப்படை அளவு. கடையில் கிடைக்கும் உரமாக மாற்றினால் யூரியா ஏறத்தாழ 240 கிராம், 16 சத சூப்பர் பாஸ்பேட் 375 கிராம், மியூரேட் ஆஃப் பொட்டாஷ் ஏறத்தாழ 180 கிராம். இதோடு மக்கிய தொழுவுரம் 10 கிலோ. முதல் ஆண்டுக் கொடிக்கு இதில் கால் பங்கு, இரண்டாம் ஆண்டில் பாதி, மூன்றாம் ஆண்டில் முக்கால் பங்கு என ஏற்றிக்கொண்டு போகலாம். மண் பரிசோதனை முடிவு கையில் இருந்தால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

தழையும் சாம்பலும் சரிசமமாக இருப்பதைக் கவனியுங்கள். பழத்தோடு தோட்டத்தைவிட்டு வெளியேறும் சத்துகளில் சாம்பல்சத்து முதன்மையானது. நிறையக் காய்த்த ஆண்டுக்குப் பிறகு யூரியாவை மட்டும் போட்டுவந்தால், கொடி இலையாக வளர்ந்து காயில் தேயும். நாம் எடுத்துக்கொண்ட பந்தலில் நடந்தது அதுதான்.

இந்த ஆண்டு அளவை நான்காகப் பிரிப்பது நல்ல பலன் தரும். கவாத்துச் சமயத்தில் தொழுவுரமும் சூப்பர் பாஸ்பேட்டும் முழுவதுமாக, கூடவே யூரியா 80 கிராம், பொட்டாஷ் 30 கிராம். புதுத்தளிரில் மொட்டு கண்ணில் படும்போது யூரியா 60, பொட்டாஷ் 50. முதல் பிஞ்சுகள் கோலிக்குண்டு அளவு ஆனதும் யூரியா 60, பொட்டாஷ் 60. அறுவடை பாதி நடந்த நிலையில் இரண்டும் 40 கிராம் வீதம். மூன்றாவது தவணையைத் தள்ளிப்போடக் கூடாது. பூத்து மூன்று வாரத்துக்குள் காய் ஏறக்குறைய முழு அளவை எட்டிவிடும், அதன்பின் உள்ளே நிரம்புவதும் பழுப்பதும்தான். காய் பெருக்க வேண்டிய சத்து அந்த மூன்று வாரத்தில் வேரருகே இருந்தாக வேண்டும்.

இவை முழு வளர்ச்சி அடைந்த கொடிக்கான எண்கள். நாம் பார்த்த கொடிகளுக்கு மூன்றாம் ஆண்டு என்பதால் முக்கால் பங்குதான் கணக்கு. ஏற்கெனவே யூரியா மிகுந்திருப்பதால் முதல் தவணையின் யூரியாவை அதிலும் பாதியாக்கி 30 கிராம் மட்டும் கொடுத்தால் போதும். பொட்டாஷை அந்த முக்கால் பங்குக்கும் கீழே குறைக்க வேண்டாம். இலை வெளுக்கத் தொடங்கினால் அடுத்த தவணையில் ஈடு செய்துகொள்ளலாம். தழைச்சத்தைக் கூட்டுவது எளிது, போட்டதைத் திரும்ப எடுப்பதுதான் முடியாதது.

எங்கே போடுவது? இந்தக் கொடியின் சத்து உறிஞ்சும் வேர்கள் மண்ணின் மேலடுக்கில், பெரும்பாலும் 30 செ.மீ. ஆழத்துக்குள் பரவிக் கிடக்கின்றன. மண்வெட்டி போட்டுக் குழி பறித்து உரம் வைத்தால் உரம் சாப்பிட வேண்டிய வேரையே அறுத்துவிடுகிறோம். அடித்தண்டைச் சுற்றி 30 செ.மீ. வெறுமையாக விட்டு, அங்கிருந்து 60 முதல் 75 செ.மீ. தூரம் வரை வளையமாகத் தூவி, கைக்கொத்தால் மேலாகக் கிளறினால் போதும். முதல்நாள் தண்ணீர், மறுநாள் உரம், உடனே மறுபடி தண்ணீர் என்ற வரிசையை மாற்றாதீர்கள். காய்ந்த மண்ணில் உரம் போட்டால் வேர் கருகும். தண்டை ஒட்டிக் குவித்த யூரியா கழுத்துப் பகுதியைப் புண்ணாக்கி, அதன் வழியே அழுகல் நோய்க்குக் கதவைத் திறந்துவிடும். கொடி ஒரே வாரத்தில் வாடி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உவர் மண்ணானால் மியூரேட்டுக்குப் பதில் பொட்டாசியம் சல்பேட் 220 கிராம் போடலாம்; இந்தக் கொடிக்கு உப்பு ஆகாது. புதிய கோழி எருவைத் தவிர்க்கவும், அது வேரைச் சுடும், தழைச்சத்தையும் கொட்டிவிடும். அடுப்புச் சாம்பல் நல்ல சாம்பல்சத்துதான், ஆனால் மண்ணின் காரத்தைக் கூட்டும். மண்ணின் கார அமில நிலை 5.5 முதல் 6.5 வரை இருப்பதே இந்தக் கொடிக்கு உகந்தது. காரம் கூடினால் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் கொடிக்குக் கிடைக்காமல், இளந்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றது வெளுக்கும்.

அதே நரம்பிடை வெளுப்பு இளந்தளிரில் இல்லாமல் முதிர்ந்த இலையில் வந்தால் மக்னீசியக் குறை. பொட்டாஷை அளவுக்கு மீறிப் போட்டால் இது வரும், ஏனென்றால் சாம்பல்சத்து மிகுந்தால் வேர் மக்னீசியத்தை எடுப்பது குறையும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் மக்னீசியம் சல்பேட் கரைத்து, வெயில் தணிந்த மாலையில், இரண்டு வார இடைவெளியில் இருமுறை தெளித்தால் புது இலைகள் தேறும். ஏற்கெனவே வெளுத்த இலை பழைய நிறத்துக்குத் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

8 முதல் 10 செ.மீ. கனத்துக்குக் காய்ந்த இலை, வைக்கோல் என மூடாக்கு போடுவது மேலாக ஓடும் வேருக்குப் பெரிய பாதுகாப்பு. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே மூடாக்கு தொடங்க வேண்டும்.

அதன்பின் வரும் மாதங்கள்

வெட்டிய இரண்டு மூன்று வாரத்தில் விடப்பட்ட கணுக்கள் வெடித்துத் தளிர் வரும். ஒரே கணுக்கூட்டத்திலிருந்து மூன்று நான்கு தளிர் வந்தால் திடமான இரண்டை மட்டும் விடுங்கள். இந்தத் தளிர்கள் மொட்டு வைத்துப் பூக்கும் வரை பந்தலில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். பொறுமையிழந்து யூரியாவைக் கூட்டுவது இந்த இடைவெளியில்தான் நடக்கிறது. கூட்டினால் தளிர் இன்னும் நீளும், மொட்டு இன்னும் தள்ளிப்போகும். ஊதா ரகத்தில் பூவிலிருந்து பழம் வரை 60 முதல் 80 நாள். கவாத்திலிருந்து கணக்கிட்டால் முதல் பழம் கையில் வர நான்கைந்து மாதம் ஆகும். எப்போது விளைச்சல் வேண்டுமோ அதிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் கவாத்து நாளைக் குறிக்க வேண்டும்.

பூக்கும் வாரங்களில் பூச்சிக்கொல்லி அடிக்கவே வேண்டாம். தச்சுத் தேனீ வராத இடத்தில், பூ விரிந்து சூல்தண்டு வளைந்த பிறகு ஒரு பூவின் மகரந்தப் பையைக் கிள்ளி, மூன்று சூல்முடியிலும் தடவிவிடலாம். மூன்றிலும் படுவது முக்கியம். ஒன்றில் மட்டும் பட்டால் விதை குறையும், காயும் இளைக்கும். மழை பெய்யும்போது செய்து பயனில்லை, நனைந்த மகரந்தம் வெடித்து வீணாகும். பந்தல் நெடுகப் பூ நிறைந்து, பிஞ்சு மட்டும் குறைவாக இருக்கும் நாட்களில் காலை ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்கினால், மாற்றம் ஒரு வாரத்திலேயே தெரியும்: சேர்க்கை நடந்த பூவின் அடியில் பச்சைப் பிஞ்சு பருக்கத் தொடங்கும், நடக்காதது காம்போடு உதிரும்.

முதல் சுற்றில் வெட்டாமல் விட்ட பாதியை மறக்காமல் எட்டாம் வாரத்துக்குள் வெட்டிவிட வேண்டும். முதலில் வெட்டிய பக்கத்தில் மொட்டு வந்துவிட்டதே, மறுபாதியைத் தொடுவானேன் என்று விட்டால், பழைய கொடியின் நிழல் புதுத்தளிரின் மேல் மறுபடி கவியும். இரண்டாவது வெட்டில் இன்னும் கவனம் வேண்டும்; பக்கத்திலேயே மொட்டோடு தொங்கும் இளங்கொடி கை பட்டாலே முறியும்.

பழம் கொடியில் முழு நிறம் அடைந்து தானாக விழும். விழுந்ததை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பொறுக்கினால் மண்ணில் கிடந்து கெடாது. பந்தலுக்கு அடியில் வலை கட்டித் தொங்கவிட்டால் வேலை இன்னும் சுலபம்.

இவ்வளவும் செய்தும் ஐந்தாம் ஆண்டை நெருங்கும் கொடி தளிர்க்கத் தயங்கினால், வேரில் நூற்புழு முடிச்சு இருக்கிறதா, அடித்தண்டைக் கீறினால் உள்ளே பழுப்பு நிறம் தெரிகிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தக் கொடிக்கு மேற்கொண்டு உரச்செலவு வேண்டாம். பேஷன் ஃப்ரூட் நீண்ட ஆயுள் கொண்ட கொடி அல்ல, மூன்று முதல் ஐந்து ஆண்டுதான் அது நன்றாகக் காய்க்கும் காலம். பழைய கொடி காய்த்துக்கொண்டிருக்கும்போதே, அதன் குழியில் அல்லாமல் வேறு இடத்தில், வாடல் நோயைத் தாங்கும் மஞ்சள் ரக வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்றை நட்டு வைத்தால் பந்தல் ஓராண்டும் வெறுமையாக நிற்காது.